செவ்வாயில் தண்ணீரை இன்னும் எத்தனை தரம் கண்டுபிடிக்கப் போறீங்கள்?

"செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடிப்பு! விஞ்ஞானிகள் அதிர்ச்சி!"

இந்தத் தலைப்பை நீங்கள் எத்தனை தரம் வாசிச்சிருப்பீங்கள்? 2004 இல் ஒரு ரோவர் தண்ணீரின் தடயத்தைக் கண்டது. 2008 இல் ஒரு இறங்குகலம் தரையைக் கிளறி ஐஸைக் காட்டியது. 2012 இல் ஆற்றுக் கல். 2015 இல் "ஓடும் உப்புத் தண்ணீர்". 2018 இல் தென்துருவத்துக்குக் கீழே ஏரி. 2024 இல் பாறைக்குள்ளே சமுத்திரம். ஒவ்வொரு தரமும் "முதன்முறையாக". ஒவ்வொரு தரமும் விஞ்ஞானிகள் அதிர்ச்சி அடைந்தார்கள். இவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு அந்த மனுசர் இன்னும் எப்படி உயிரோட இருக்கினம் என்பதுதான் உண்மையில் ஆராயவேண்டிய விடயம்.

செய்திக்குக் கீழே வந்து கதைக்கிற ஆட்களையும் உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் "அப்ப இனி அங்க போய்க் குடியேறலாம்" என்பார். இன்னொருத்தர் "உதெல்லாம் எங்கட சித்தர்கள் அப்பவே சொல்லீட்டினம்" என்பார். மூன்றாமவர் "இஞ்ச கிணத்தில தண்ணி இல்லை, அவனுக்குச் செவ்வாயில தண்ணி தேவைப்படுது" என்பார். இந்தக் கட்டுரை மூன்று பேருக்கும் எதிரானதுதான். ஆனால் முதலில் அந்தத் தலைப்பை எழுதினவருக்கு எதிரானது. அவர் மூன்று வேறு வேறு விடயங்களை ஒரே சட்டியில் போட்டு அவிச்சுத் தந்திருக்கிறார். அதைத் தின்றுவிட்டுத்தான் மற்றவர்கள் கதைக்கிறார்கள்.

அந்த மூன்றையும் பிரிச்சுப் பார்ப்போம். இன்றைக்குச் செவ்வாயில் ஐஸ் இருக்கிறது. துருவங்களில் இருக்கு, தரைக்குக் கீழேயும் இருக்கு. இதில் சண்டை எதுவும் இல்லை. இன்றைக்குச் செவ்வாயில் திரவமாகத் தண்ணீர் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு வந்த "ஆம்" எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மறுப்பு வந்திருக்கிறது, அல்லது விவாதம் இன்னும் நடக்கிறது. ஒரு காலத்தில், கிட்டத்தட்ட 350 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அங்கே ஆறு ஓடியதா, ஏரி நின்றதா என்பது மூன்றாவது. இதற்குத்தான் மிகப் பலமான ஆதாரம் இருக்கிறது. அந்த ஆதாரம் முழுக்கக் கல்லில் இருக்கிறது. கல்லை வாசிக்கப் பொறுமை வேண்டும். அதனால் மூன்றிலும் உறுதியான கதைதான் எங்களுக்கு ஆகக் குறைவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

கல்லில் இருந்தே தொடங்குகிறேன்.

2012 ஓகஸ்டில் கியூரியோசிட்டி ரோவர் கேல் என்கிற, 154 கிலோமீற்றர் விட்டமுள்ள கிண்ணக்குழிக்குள் இறங்கியது. அடுத்த மாதமே அது ஒரு உடைந்த பாறையைப் படம் எடுத்து அனுப்பியது. பார்த்தால் ஆரோ போட்ட கொங்கிறீற் தளம் உடைந்து கிளம்பி நிற்பதுபோல இருக்கும். மணலும் கூழாங்கற்களும் சேர்ந்து இறுகிய பாறை அது. அதில் இருந்த கற்கள் உருண்டையானவை, சில கொல்ஃப் பந்தளவு பெரியவை. இதில் என்ன இருக்கு என்று கேட்பீங்கள். செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே புழுதிப் புயல் அடிக்கும், மணல் நகரும், ஆனால் அந்தளவு பெரிய கல்லைக் காற்றால் தூக்கிக்கொண்டு போக ஏலாது. அவ்வளவு பெரிய கல் உருண்டு உருண்டு, ஒன்றோடொன்று இடிபட்டு, மூலை மழுங்கி, கனதூரம் வந்து படிந்திருக்கிறது என்றால் அதைக் கொண்டுவந்தது ஓடுகிற தண்ணீர்தான். கல்லின் அளவையும் வடிவத்தையும் வைத்தே அந்த ஆறு கணுக்காலில் இருந்து இடுப்பு வரை ஆழமாக, நாங்கள் நடக்கிற வேகத்தில் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். மகாவலிக் கரையில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்த எவருக்கும் இந்தத் தர்க்கம் விளங்கும். இதற்கு ரொக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. ரொக்கெட் தேவைப்பட்டது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கமராவைக் கொண்டுபோய் வைக்க மட்டும்தான்.

அந்த ரோவர் தொடர்ந்து போய் 2013 இல் ஒரு சேற்றுக்கல்லைத் துளைத்தது. துளைத்த தூள் சிவப்பாக வரவில்லை, சாம்பல் நிறத்தில் வந்தது. செவ்வாயின் சிவப்பு மேலே படிந்த துருதான், கீழே வேறு உலகம். அந்தத் தூளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட களிக் கனியங்கள் இருந்தன. களி என்பது பாறை தண்ணீரோடு நெடுங்காலம் கிடந்தால் உண்டாவது. ஒரு வெள்ளம் வந்து போனால் களி வராது. அதாவது அங்கே ஒரு ஏரி நின்றிருக்கிறது. அதன் தண்ணீரும் கடும் அமிலமாகவோ கடும் உப்பாகவோ இருக்கவில்லை.

இன்னொரு பாறை எனக்கு மிகவும் பிடிச்சது. 2021 இல் அதே கிண்ணக்குழியில் ரோவர் அறுகோண வெடிப்புகளைக் கண்டது. குளம் வற்றினால் அடித்தரை எப்பிடி வெடிக்கும் என்று வன்னிப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு தரம் மட்டும் வற்றி வெடிச்ச சேற்றில், வெடிப்புகள் சந்திக்கிற இடம் ஆங்கில 'டீ' எழுத்துப்போல இருக்கும். திரும்பத் திரும்ப நனைந்து, காய்ந்து, நனைந்து, காய்ந்தால்தான் அந்தச் சந்திகள் மெல்ல மெல்ல 'வை' எழுத்துப்போல மாறி அறுகோணம் வரும். அந்தப் பாறையில் இருந்தவை அறுகோணங்கள். 2023 இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் முடிவு: அங்கே ஈரமும் வறட்சியும் மாறி மாறி, ஒரு ஒழுங்கோடு வந்து போயிருக்கின்றன. யோசிச்சுப் பாருங்கோ. 350 கோடி வருசத்துக்கு முந்தின ஒரு கோளில் பருவம் மாறினதற்கு அடையாளம் ஒரு வெடிப்பின் கோணத்தில் இருக்கு. எங்கட செய்தித்தளங்களுக்கு இது செய்தியே இல்லை. ஏனென்றால் இதில் "அதிர்ச்சி" இல்லை.

சரி, தலைப்பு எழுதுகிறவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம். 2004 இல் ஒப்பச்சூனிற்றி ரோவர் இறங்கிய இடத்தில் தரை முழுக்கச் சில மில்லிமீற்றர் அளவுள்ள உருண்டைகள் சிதறிக் கிடந்தன. ஆய்வாளர்கள் அவற்றுக்குச் செல்லமாகப் புளூபெரி என்று பெயர் வைத்தார்கள். அவை உண்மையில் நீலம் இல்லை. பாறைகளைப் பிரிச்சுக் காட்ட நிறம் மிகைப்படுத்திய படங்களில் நீலமாகத் தெரிந்தவை. அவை ஹேமடைட், அதாவது ஒரு இரும்பொட்சைட்டு. பாறையின் துளைகளுக்குள்ளால் நிலத்தடி நீர் ஊறி ஓடும்போது இரும்பு ஒரு புள்ளியைச் சுற்றித் திரண்டு இப்படி உருண்டையாகும் என்பதுதான் பெரும்பான்மை விளக்கம். அதே பாறையில் ஜரோசைற்று என்கிற கனியமும் இருந்தது. அது அமிலத் தண்ணீரில்தான் உண்டாகும். ஆக, இந்த இடத்தில் இருந்த தண்ணீர் கேல் ஏரித் தண்ணீர் மாதிரி இல்லை, புளிச்ச தண்ணீர். "செவ்வாயில் தண்ணீர்" என்று ஒற்றை வரியில் சொல்லும்போது தொலைந்துபோவது இதுதான். எந்தத் தண்ணீர், எந்த இடத்தில், எவ்வளவு காலம், புளிப்பா உப்பா நன்னீரா? ஊர்க்கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு உருசி இருக்கு என்று தெரிந்த எங்களுக்கு, ஒரு முழுக் கோளின் தண்ணீரையும் ஒரே போத்தலில் அடைச்சுத் தருகிறார்கள்.

அதே நேரம் கோளின் மறுபக்கத்தில் ஸ்பிரிற் என்கிற இரட்டைச் சகோதரி ரோவர் ஓடியது. 2006 இல் அதன் முன்சில்லு ஒன்று இறுகிவிட்டது. அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். 2007 இல் அந்த இறுகின சில்லு கீறின கோட்டில் வெள்ளையாக ஒரு மண் வெளியே வந்தது. சோதித்தால் 90 சதவீதமளவு சிலிக்கா. வெந்நீரூற்றோ எரிமலைப் புகைவாயோ இருந்த இடத்தில்தான் அப்படி வரும். சில்லு நல்லாக இருந்திருந்தால் அதன் மேலால் ஓடிப் போயிருப்பார்கள்.

இப்ப எங்கட தலைப்பு எழுத்தாளரின் சிறந்த படைப்புக்கு வருவோம்: 2015.

செவ்வாயின் செங்குத்தான சரிவுகளில் வெப்பமான காலத்தில் கறுப்புக் கோடுகள் தோன்றி, நீண்டு, குளிர் வந்ததும் மறையும். இவற்றை முதலில் கவனித்தவர் லுஜேந்திர ஓஜா, நேபாளத்தில் பிறந்து அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் அப்போது இளமாணி மாணவராக இருந்தவர். எங்களைப்போல ஒரு அண்டர்கிராஜுவேற். 2015 செப்ரெம்பர் 28 இல் அவருடைய குழுவின் கட்டுரை வந்தது. அந்தக் கோடுகளில் நீரேறிய உப்புகளின் அடையாளம் தெரிகிறது என்றது. நாசா பெரிய ஊடக மாநாடு வைத்து, இன்றைய செவ்வாயில் திரவ நீர் ஓடுவதற்கான ஆதாரம் உறுதியாகியிருக்கிறது என்று அறிவித்தது. தமிழில் வந்த செய்திகளில் "ஆதாரம்" என்ற சொல்லும் போய்விட்டது. ஆறு ஓடத் தொடங்கிவிட்டது.

2017 இல் என்ன நடந்தது? வேறொரு குழு 10 இடங்களில் உள்ள 151 கோடுகளை அளந்தது. அவை எல்லாம் உலர் மணல் தானாகச் சரிகிற அளவுக்குச் செங்குத்தான சரிவில்தான் இருக்கின்றன. சரிவு குறைகிற இடத்தில் நின்றுவிடுகின்றன. தண்ணீர் என்றால் சாய்வு குறைந்த இடத்துக்கும் ஓடியிருக்க வேண்டுமே? ஆகவே இவை பெரும்பாலும் உலர்ந்த மணல் சரிவுகள் என்றார்கள். பிறகு, உப்பின் அடையாளம் என்று நினைத்த சமிக்ஞையிலேயே கருவித் தரவைச் சுத்திகரிக்கும்போது வந்த போலி இருக்கு என்று இன்னொரு ஆய்வு காட்டியது. 2017 கட்டுரையின் எழுத்தாளர்களில் ஒருவர் அல்ஃபிரட் மெக்யூவன். 2011 இல் அந்தக் கோடுகளை உலகுக்கு அறிவித்த கட்டுரையின் முதல் எழுத்தாளரும் அவர்தான், 2015 கட்டுரையிலும் இருந்தவர். தான் முன்வைத்த விளக்கத்துக்கு எதிராகத் தானே அளந்து எழுதியிருக்கிறார்.

இதைப் பற்றித் தமிழில் எத்தனை செய்தி வாசித்தீங்கள்? நான் தேடினேன். 2015 செய்திக்குக் குறைவே இல்லை. 2017 க்கு என் கையில் அகப்பட்டது ஒன்றுமே இல்லை.

"தலைப்பு ஊதிப் போடுறது உலகம் முழுக்க நடக்குது, ஆங்கிலத்திலயும் அதுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மை. நாசாவின் ஊடகப் பிரிவு இதில் முதல் குற்றவாளி என்பதையும் ஒப்புக்கொள்ளுறன். வரவுசெலவுக்குக் காசு கேட்கிற நிறுவனம், தன்னுடைய கண்டுபிடிப்பை ஊதாமல் இருக்காது. ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்கிறவருக்கு இரண்டாவது கட்டுரை கிடைக்கும். மறுப்புக் கிடைக்கும், நீண்ட பேட்டி கிடைக்கும், புத்தகம் கிடைக்கும். தமிழில் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு முதல் தலைப்புத்தான் கடைசித் தலைப்பு. 2015 இல் அதை வாசித்த என்னுடைய மாமா இன்றைக்கும் செவ்வாயில் உப்பாறு ஓடுகிறது என்றுதான் நம்புகிறார். அவரில் பிழை இல்லை. அவருக்கு ஆரும் வந்து சொல்லவில்லை.

இப்படி மொழிபெயர்ப்பில் செவ்வாய் கெட்டுப்போவது புதுசும் இல்லை. 1877 இல் மிலான் நகரத்து வானியலாளர் ஜொவான்னி ஸ்கியாபரெல்லி தொலைநோக்கியில் பார்த்து, மெல்லிய கோடுகள் தெரிகின்றன என்று இத்தாலிய மொழியில் 'கனாலி' என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கு இயற்கையான நீரோடை, வாய்க்கால் என்றும் பொருள் வரும். ஆங்கிலத்துக்குப் போனபோது அது வெட்டிய கால்வாய் ஆகிவிட்டது. வெட்டிய கால்வாய் என்றால் வெட்டினவர் வேணும். அமெரிக்கப் பணக்காரர் பேர்சிவல் லோவல் 1894 இல் அரிசோனாவில் சொந்தக் காசில் ஒரு வானாய்வகமே கட்டி, காய்ந்துபோகிற ஒரு கோளின் குடிமக்கள் துருவத்து ஐஸில் இருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய கால்வாய்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்தக் கோடுகளே இல்லை. கண்ணும் மூளையும் மங்கலான புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கியவை. ஒரு சொல்லின் பிழையான மொழிபெயர்ப்பு மட்டும் இதற்குக் காரணம் என்று சொன்னால் அதுவும் ஊதல்தான். லோவலுக்கு நம்ப ஆசை இருந்தது. ஆனால் சொல் அந்த ஆசைக்கு வழி வெட்டிக் கொடுத்தது.

பிறகு நேரெதிராகவும் பிழைத்தார்கள். 1965 ஜூலையில் மரினர் 4 செவ்வாயைக் கடந்து போகும்போது எடுத்த 22 படங்களில் தெரிந்தது சந்திரனைப்போல கிண்ணக்குழிகள் மட்டும். மேற்பரப்பில் வெறும் ஒரு சதவீதமளவைப் பார்த்துவிட்டு, செத்த கோள், தண்ணீருக்கு அங்கே இடமே இல்லை என்று முடிவுகட்டினவர் கனபேர். 1971 இல் மரினர் 9 போய்ச் சுற்றத் தொடங்கியபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல். பொறுத்திருந்தார்கள். புழுதி அடங்க, கிளை பிரிந்த பள்ளத்தாக்குகள், பெருவெள்ளம் அரித்த வாய்க்கால்கள், நடுவில் கண்ணீர்த்துளி வடிவத் தீவுகள் எல்லாம் தெரிந்தன. ஆறு வெட்டின நிலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

ஆறு வெட்டின நிலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் ஆர்? இந்த இடத்தில்தான் எங்கட ஆட்களோடு எனக்குச் சண்டை.

"நாங்கள் ஆர்ட்ஸ், எங்களுக்கேன் உந்தச் சயன்ஸ்?" என்று கன்ரீனில் இருந்து பெருமையாகக் கேட்கிற கலைப்பீடத்துத் தோழர்களே, உயர்தரத்தில் ஆறு என்ன செய்யும் என்று படிச்சது ஆர்? கணிதப்பிரிவா? உயிரியல் பிரிவா? கலைப்பிரிவில் புவியியல் எடுத்த நாங்கள்தான் மியாண்டர் வரைந்தோம், வண்டல் விசிறி வரைந்தோம், கழிமுகத்தின் வகைகளைப் பாடமாக்கிப் பரீட்சையில் கக்கினோம். 2021 இல் பெர்சவரன்ஸ் ரோவர் ஜெஸெரோ கிண்ணக்குழியில் இருந்து ஒரு சிறு குன்றின் பக்கத்தோற்றத்தைப் படம் எடுத்து அனுப்பியது. மேலே கிடையான படை, நடுவில் சரிந்த படை, கீழே திரும்பவும் கிடையான படை. கழிமுகத்தின் குறுக்குவெட்டு முகம் கீறுக என்று கேட்டால் நாங்கள் கீறுகிற அதே படம். நிற்கிற தண்ணீருக்குள் ஆறு வந்து மண்ணைக் கொட்டினால்தான் அப்படிப் படியும். அதைவைத்துத்தான் அங்கே ஏரி இருந்தது உறுதி என்று எழுதினார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் விளங்கக்கூடிய ஆள் எங்கட பக்கத்து வாங்கில் இருக்கிறார், ஆனால் இசட் ஸ்கோர் அவருக்கு "உனக்குச் சயன்ஸ் வராது" என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டது. அவரும் அதை நம்பி, இப்ப அதையே பெருமையாகவும் சொல்லித் திரிகிறார்.

இலங்கைத் தமிழில் இந்தத் துறைக்கு வைத்த பெயரைப் பாருங்கோ: புவிச்சரிதவியல். மணல் அள்ள அனுமதிப்பத்திரம் கொடுக்கிற அரச பணியகத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருக்கு, எத்தனை பேர் நின்று வாசிக்கிறோமோ தெரியாது. சரிதம் என்றால் வரலாறு. சாட்சி சொல்ல ஆள் இல்லாத காலத்தை, மிஞ்சிக் கிடக்கிற துண்டுகளை வைத்து எழுதுகிற வேலை. வரலாற்றுத் துறையில் கல்வெட்டை எப்படி விசாரிக்கச் சொல்லித் தருகிறார்கள்? எங்கே கிடந்தது, இடம் மாறியதா, வேறு விளக்கம் இருக்கா, இன்னொரு மூலம் இதை ஆதரிக்குதா? செவ்வாயில் ரோவரை ஓட்டுகிறவர்கள் ஒரு கல்லிடம் கேட்கிறதும் அதே கேள்விகள்தான். உருண்டைக் கல் மட்டும் என்றால் சந்தேகம். உருண்டைக் கல்லும், களியும், வெடிப்பும், சரிந்த படையும் சேர்ந்து ஒரே கதையைச் சொன்னால் அது வரலாறு.

அந்தக் கதை எதிர்பார்ப்பை உடைத்தாலும் எழுதத்தான் வேண்டும். ஜெஸெரோவுக்குப் போனதே அது பழைய ஏரி என்பதால். இறங்கினால் காலடியில் ஏரிச்சேறு இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ரோவர் உரசிப் பார்த்தால் அந்தத் தரை தீப்பாறை, எரிமலைக் குழம்பு இறுகியது. கழிமுகம் பொய்யாகவில்லை, அது பக்கத்திலேயே நிற்குது. ஆனால் அந்தத் தரையின் கதை நினைத்ததைவிடச் சிக்கல். அதை மறைக்காமல் எழுதினார்கள். தீப்பாறையின் வயதை ஆய்வுகூடத்தில் கணக்கிடலாம் என்பதால் அது ஒரு வகையில் அதிட்டமும்கூட.

சித்தர் கட்சிக்கு நான் அதிகம் செலவழிக்கப் போவதில்லை. சிவப்பாகத் தெரிந்த கோளுக்குச் செவ்வாய் என்று பெயர் வைத்தது நல்ல அவதானிப்பு. அதற்கு மேல் அந்தப் பெயரில் தண்ணீரும் இல்லை, களியும் இல்லை. எங்கட ஆட்கள் எல்லாம் முதலே அறிந்திருந்தார்கள் என்றால் எங்களுக்கு இனி அறிய ஒன்றும் இல்லை என்றாகிறது. இது மூதாதையருக்குச் செய்கிற மரியாதையாக எனக்குத் தெரியவில்லை. படிக்கப் பஞ்சிப்படுகிறவர் பிடிச்ச சாட்டு.

மூன்றாமவருடன் கதைக்கவேண்டியது கனக்க இருக்கு. "இஞ்ச தண்ணி இல்லை" என்பது பொய் இல்லை. ஆனால் முதலில் காசுக் கதையை விடுங்கோ. அது எங்கட காசு இல்லை. நாளைக்கு நாசாவை மூடினாலும் எங்கட கிணத்துக்கு ஒரு வாளி தண்ணீர் கூடி வராது. மற்றது, எங்களுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை வந்தபோது என்ன நடந்தது என்பதை நினைச்சுப் பாருங்கோ. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கு என்று சனம் வீதிக்கு வந்தது. ஒரு தரப்பு ஆய்வு எண்ணெய் இருக்கு என்றது. நிபுணர் குழு அறிக்கை ஆபத்தான பொருள் இல்லை என்றது. எங்கே மாதிரி எடுத்தீங்கள், எப்ப எடுத்தீங்கள், எதைத் தேடினீங்கள், எதைத் தேடாமல் விட்டீங்கள், சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கேள்விகளை எத்தனை பேர் கேட்டோம்? கேட்டவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த தலைப்பைப் பகிர்ந்தோம். மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2019 ஆகிவிட்டது. அந்த வழக்கு நின்றதும் ஆதாரத்தில்தான், தலைப்பில் இல்லை. அந்த நிறுவனமும் அந்த ஆதாரத்தோடுதான் மல்லுக்கட்டியது.

அதனால், செவ்வாயில் ஒரு கூழாங்கல்லை வைத்து எப்படி வாதாடுகிறார்கள் என்று பார்க்கிறதும் எங்கட கிணத்துக்காக வாதாடுகிறதும் வேறு வேறு வேலை என்று எனக்குப் படவில்லை. ஒன்றில் எங்களுக்குக் கோபம் இல்லை, பயம் இல்லை, கட்சி இல்லை. ஆறுதலாக இருந்து பழகலாம்.

இப்ப புதுசாக ஒன்று ஓடுது. 2024 ஜூலையில் பெர்சவரன்ஸ், ஜெஸெரோவுக்குள் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சேற்றுக்கல்லைக் கண்டது. பெயர் செயாவா ஃபோல்ஸ். அதில் சிறுத்தைத் தோல்போல, கறுப்பு விளிம்பும் வெளிறிய நடுவும் உள்ள புள்ளிகள். 2025 செப்ரெம்பரில் வந்த ஆய்வுக் கட்டுரை, அந்தப் புள்ளிகளில் இரும்புப் பொசுபேற்றும் இரும்புச் சல்பைட்டும் இருப்பதாகத் தெரிகிறது, பூமியில் சேற்றுக்குள் நுண்ணுயிர்கள் வாழும்போது இப்படிக் கனியங்கள் உண்டாகும், ஆனால் உயிர் இல்லாமலும் உண்டாகக்கூடிய வழிகள் இருக்கு என்று சொன்னது. அந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் பாறைக்கு எது பொருந்தும், எது கஷ்டம் என்றும் விசாரித்தது. "சாத்தியமான உயிர்ச்சுவடு" என்பதுதான் அவர்கள் பாவித்த சொல்.

தமிழில் அது "செவ்வாயில் உயிரினம் உறுதி" ஆக ஒரு இரவு போதுமாக இருந்தது. என்னுடைய வட்ஸ்அப்பில் மட்டும் நாலு பேர் அனுப்பினார்கள். நாலிலும் "சாத்தியமான" இல்லை. ஒரு சொல்லை வெட்டினால் அரைவாசி வரி மிச்சம் என்று நினைச்சிருக்கலாம். ஸ்கியாபரெல்லியின் 'கனாலி'க்கு நடந்தது இதுக்கும் நடக்குது.

அந்தக் கல்லில் இருந்து எடுத்த துண்டு ஒரு விரலின் பருமன்தான். அதை ஒரு குழாய்க்குள் அடைத்து ரோவர் கொண்டு திரிகிறது. அது உயிரா வெறும் இரசாயனமா என்பதை அங்கே நிற்கிற கருவிகளால் தீர்க்க ஏலாது. பூமிக்குக் கொண்டுவந்து ஆய்வுகூடத்தில் வெட்டிப் பார்க்கவேணும். இன்னும் 10 குழாய்கள் 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் கவனமாக ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்பட்டன. ஆராவது வந்து எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில். 2025 மே மாதம் அமெரிக்க அரசு வைத்த வரவுசெலவு முன்மொழிவு, அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும் திட்டத்தை நிறுத்தச் சொன்னது. "செவ்வாயில் உயிரினம் உறுதி" என்று எழுதின தளங்களில் அதையும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.